சாக்லேட்டும் நன்றிக்கடனும்

அகதி என்றால் சினிமாவில் என்ன வரும்? முள்வேலி, படகு, அழுகிற குழந்தை, பின்னணியில் சோக வயலின். 'பீஸ் பை சாக்லேட்' (2021) என்ற கனடா படத்தில் சாக்லேட்தான் ஹீரோ.

நிஜக் கதை. டமாஸ்கஸில் சாக்லேட் தொழிற்சாலை வைத்திருந்த ஹத்ஹாத் குடும்பம். 2012-ல் குண்டு விழுந்து தொழிற்சாலை காலி. லெபனானுக்கு ஓடினார்கள். பிறகு கனடாவில் ஆன்டிகனிஷ் என்கிற குட்டி ஊர். ஊர்க்காரர்களே கூடிப் பணம் போட்டு வரவழைத்தார்கள். 2016-ல் அப்பா இசாம் மறுபடி சாக்லேட் செய்ய ஆரம்பிக்க, அதே வருஷம் பிரதமர் ட்ரூடோ ஐ.நா.வில் இவர்கள் கதையைச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

இந்த ஏற்பாடு கனடாவில் 1970-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து 'இந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடலாம். வீடு பிடிப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, பல் டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் பொதுவாகப் பன்னிரண்டு மாசம் அவர்கள் தலையில். 1979-80-ல் வந்த சுமார் 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள்தான். சும்மா சொல்லக் கூடாது, பெரிய விஷயம்.

படத்தின் உயிர், மகன் தாரேக். சிரியாவில் மருத்துவம் படித்தவன். இங்கேயும் டாக்டராக ஆசை. அப்பாவுக்கோ பையன் கூட நின்று தொழிலைப் பார்க்க வேண்டும். ஊருக்கும் சாக்லேட் பிடித்துவிட்டது. 'மாட்டேன்' என்று யாரிடம் சொல்வான்? பாயும் கம்பளியும் கொடுத்தவர்களிடமா? இந்த இடத்தில் படம் உண்மையைத் தொடுகிறது. தொட்ட கையைச் சட்டென்று எடுத்தும் விடுகிறது. வியாபாரம் ஜெயிக்கிறது, சங்கடம் கரைந்துவிடுகிறது.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அகதியின் கணக்கில் பற்றுப் பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எதை வைத்து நேர் செய்வான்? ஹத்ஹாத் குடும்பத்தால் முடிந்தது. 2016-ல் ஃபோர்ட் மெக்மர்ரே காட்டுத்தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் லாபத்தைக் கொடுத்தார்கள். அருமை! ஆனால், சாக்லேட் செய்யத் தெரியாதவன்? வருஷம் ஒன்றாகியும் இங்கிலீஷ் வராமல், வேலை கிடைக்காமல், ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறவன்? அவனுக்கும் அதே கம்பளி உண்டா? படம் கேட்கவில்லை.

நம்மாட்கள் விஷயத்தில் கனடா இதற்கு இரண்டு விதமாகவும் பதில் சொல்லியிருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காக்கும் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் ஏற்றிக்கொண்டார்கள். 'உனக்கு என்ன தொழில் தெரியும்?' என்று விசாரித்துவிட்டா கை கொடுத்தார்கள்? 2010-ல் 'சன் ஸீ' கப்பலில் 492 தமிழர்கள் போய் இறங்கியபோது காவலில் வைத்தார்கள், பலரை மாதக்கணக்கில். கூப்பிட்டு வந்தால் விருந்தாளி, கூப்பிடாமல் வந்தால் சந்தேகக் கேஸ்! கூப்பிடுகிற வாசலும் எப்போதும் திறந்தே இருப்பதில்லை. மனுக்கள் மலையாகத் தேங்கிவிட்டதால், 2024 நவம்பரில் ஐவர் குழுக்களிடம் புது விண்ணப்பம் வாங்குவதையே கனடா அரசு நிறுத்திவைத்தது. மனசு இருக்கிற ஐந்து பேர் கிடைத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

இத்தனை குறையோடும் படத்தைப் பார்க்கச் சொல்வேன். காரணம், அப்பாவாக வரும் ஹாத்தெம் அலி. சிரியாவின் பெரிய டி.வி. இயக்குநர். பாலஸ்தீனர்கள் ஊர் இழந்த கதையை 2004-ல் தொடராக எடுத்தவர். சின்ன வயதிலேயே கோலன் குன்றுகளிலிருந்து குடும்பத்தோடு வெளியேறியவர். படம் வெளிவருவதற்கு முன்பே, 2020 டிசம்பரில் இறந்துபோனார். அவர் முகத்தில் நன்றியும் ரோஷமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. திரைக்கதை கேட்கத் தயங்கிய கேள்வியை அந்த முகம் கேட்டுவிடுகிறது.