பெயரும் பேராண்டியும்: அறிவின் முதல் தனி இசைத்தொகுப்பும் கோலார் தங்கவயல் மரபும்

முன்னுரை

இசைக்குழு ஒன்றில் பாடிப் புகழ்பெற்றவர் அதிலிருந்து விலகித் தம் பெயரில் வெளியிடும் முதல் தொகுப்பு, பெரும்பாலும் 'நான் யார்' என்னும் வினாவுக்கு விடையாகவே அமைகிறது. ஒன் டைரக்‌ஷன் குழுவை 2015இல் விட்டு நீங்கிய ஜெயின் மாலிக், 2016இல் வெளியிட்ட முதல் தனித்தொகுப்புக்கு 'மைண்ட் ஆஃப் மைன்' எனப் பெயரிட்டார். தன் மனம், தன் உடைமை என்பதே அத்தலைப்பில் அழுத்தம் பெறுகிறது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் வழி அறியப்பட்டுப் பின்னர்த் தனித்து இயங்கத் தொடங்கிய அறிவு, 2024இல் வெளியிட்ட தம் முதல் தனித்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டார். இங்குப் பாடுபவர் தம் பாட்டியின் பெயராலேயே தம்மைச் சுட்டிக்கொள்கிறார். இப்பெயரிடலின் பொருளையும், கோலார் தங்கவயல் தமிழர் வரலாற்றோடு அதற்குள்ள உறவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

குழுவின் பெயரும் தங்கவயலும்

இயக்குநர் பா. இரஞ்சித், இசையமைப்பாளர் டென்மா ஆகியோரின் முயற்சியால் உருவான இக்குழு, 2018 சனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. சாதிபேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தாக்கமே இக்குழுவின் பெயருக்கு மூலமாகும்.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழும் அவருடைய பௌத்த இயக்கமும், 1914இல் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்து வாழ்ந்த இடங்களுள் கோலார் தங்கவயல் முதன்மையானது. அங்கு வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த ஒடுக்கப்பட்ட சமூகத்தினராவர். அவர்களிடையே இயங்கிய பௌத்த சங்கங்களும் சித்தார்த்தா புத்தகசாலையும் பண்டிதரின் எழுத்துகளை மறுபதிப்புச் செய்து காத்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவரும்வரை, பல்கலைக்கழகங்கள் பெரிதும் கவனியாத அச்சிந்தனையைத் தொழிலாளர்கள் கையளித்து வந்தனர் எனலாம். ஆகவே தனிமனிதர் ஒருவரின் குரலைக் கூட்டம் ஒன்று காத்துத் தந்த வரலாறே இக்குழுவின் பெயருக்குப் பின்னால் உள்ளது. அக்கூட்டத்திலிருந்து பிரிந்த தனிக்குரல் யாரைக் காக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

தலைப்பின் சொல்லமைதி

தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து அறிவு 2019இல் வெளியிட்ட தொகுப்பு 'தெருக்குறள்' ஆகும். செவ்வியல் நூலின் பெயரைத் தெருவுக்குக் கொண்டுவந்த அத்தலைப்பில் இலக்கிய மரபோடு வழக்காடும் தொனி உண்டு. தனித்தொகுப்பின் தலைப்போ குடும்ப வழக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 'பேரன்' என்பது உறவுமுறையைச் சுட்டும் பொதுச்சொல். 'பேராண்டி' என்பதோ பாட்டியோ பாட்டனோ அன்போடு விளிக்கும் சொல். எனவே அத்தலைப்பைச் சொல்லும் வாய் பாடகருடையது எனினும், அதனுள் ஒலிப்பது அழைக்கும் கிழவியின் குரலாகும்.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கிவரும் தமிழ்ப் பெயரிடல் வழக்கினின்று இது விலகி நிற்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, தாயகம் திரும்பிய பின்னும் நிலமின்றி வாழ்ந்த பெண்ணாகத் தம் பாட்டியை அறிவு பொதுவெளியில் அறிமுகப்படுத்தியுள்ளார். சொத்தாக எதையும் விட்டுச்செல்ல இயலாத ஒருத்தியின் பெயரே இங்கு மரபுரிமையாகக் கொள்ளப்படுகிறது.

பெயரின்மையும் பதிவும்

தமிழ் இலக்கிய வரலாறு பெயரிழந்தோரை அறியாததன்று. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் தெரியாமற் போகவே, அவர் பாடலின் தொடரே 'செம்புலப்பெயனீரார்' எனப் பெயராயிற்று. நாட்டார் பாடல்களுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் இயற்றிய பெண்கள் 'நாட்டார்' என்னும் பொதுப்பெயருள் மறைந்தனர்.

2021இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலின் ஆக்கத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது 2022இல் பொதுவிவாதமாயிற்று. அறிவு ஒரு விளக்கத்தையும், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மற்றொரு விளக்கத்தையும் அளித்தனர். அதில் தீர்ப்புக் கூறுவது திறனாய்வின் பணியன்று. எனினும், அவ்விவாதத்திற்குப் பின் வந்த இத்தொகுப்பின் முகப்பில் பெயரே முதன்மை பெறுவது கருதத்தக்கது.

தங்கவயலிலும் பெயர் போராட்டப் பொருளாக இருந்தது. 1930இல் தொழிலாளர்களைக் கைரேகையுடன் பதிவுசெய்யும் முறையை எதிர்த்து அங்கு வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. நிருவாகம் தரும் அடையாளம் வேறு, தாமே ஏற்கும் அடையாளம் வேறு என்பதை அப்போராட்டம் உணர்த்துகிறது.

தலைப்பின் இடர்

இத்தலைப்பில் ஓர் இடரும் உண்டு. வள்ளியம்மா பேராண்டிக்குப் பெருமை சேர்க்கும் அடைமொழியாகச் சுருங்கிவிடக்கூடும். உழைத்தவள் பாடுபொருளாகவும், பாடியவன் ஆசிரியனாகவும் நிலைபெறுவது நாட்டார் மரபுக்கு முன்பு நேர்ந்ததன் மறுவடிவமே ஆகும். தலைப்பு அளிக்கும் வாக்கை நிறைவேற்றும் பொறுப்பு, 'முதற்பகுதி' எனக் குறிக்கப்பட்ட இத்தொகுப்போடு முடிவதன்று. பாட்டியின் பெயரோடு அவள் மொழியும் நினைவும் எந்த அளவு தம் உருவிலேயே ஒலிக்கின்றன என்பதே அடுத்தடுத்த பகுதிகளை அளக்கும் கோலாக அமைய வேண்டும்.

முடிவுரை

அறிவு பிறந்த அரக்கோணத்திலிருந்து சோலார்ப்பேட்டை, பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் இருப்புப்பாதை, கிளை பிரிந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. அக்கிளைப்பாதையில் உள்ள நிலையங்களுள் ஒன்று கோரமண்டல். சோழமண்டலம் என்னும் சொல் ஐரோப்பியர் நாவில் திரிந்து, சுரங்கப்பகுதி ஒன்றின் பெயராகி, தமிழ்த் தொழிலாளரிடமே மீண்டு வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்பெயர் மட்டும் நிலைய பலகையில் நிற்கிறது. அதன் வழியே தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

குழுவை விட்டு நீங்குதல் கூட்டத்தை விட்டு நீங்குதல் ஆகாது என்பதே 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் பெயர் முன்வைக்கும் கருத்து. பண்டிதரின் பெயரைத் தங்கவயல் தொழிலாளர் காத்தனர். தொழிலாளியான ஒரு பாட்டியின் பெயரை இங்குப் பேரன் காக்க முனைகிறான். முன்னது நிறைவேறிய கடன். பின்னது தொடங்கப்பட்டிருக்கும் கடன்.