போர் போட்ட புல்லட்

சொன்னா சிரிப்பீங்க. புதுச்சேரி பக்கம் வில்லியனூர்ல ஒரு லேத்து பட்டறை, சுத்தி நாலு பேர் நிக்கிறாங்க, தலை நரைச்ச அரசாங்க உத்தியோகஸ்தன் நான், ஒரு சிலிண்டரோட உள்பக்கத்தை எட்டிப் பார்த்துட்டு வாயில ரெண்டு விரலை வச்சு விசில் அடிச்சேன்! வெக்கமே இல்லை. நீங்க பார்த்திருந்தா நீங்களும் அடிச்சிருப்பீங்க.

விஷயம் என்னன்னா, என்னோட பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350க்கு போர் போட்டாச்சு, அதாவது தேஞ்ச சிலிண்டரை உள்பக்கம் குடைஞ்சு பெருசாக்கியாச்சு. கொஞ்ச நாளாவே கிக்கரை மிதிச்சா கால் சல்லுன்னு இறங்குது, எதிர்த்துத் தள்ளுற அந்தக் கெத்தே இல்லை. சைலன்சர்ல நீலப் புகை. ஹெட்டைக் கழட்டின மேஸ்திரி, “நகத்தை வச்சுப் பாருங்க தம்பி”ன்னார். மேல் விளிம்புக்குக் கீழே நகம் டக்குன்னு தட்டுச்சு. பிஸ்டன் மேலே போய் நின்னு திரும்புற இடம் அது. வெடிப்போட சூடு முழுக்க அங்கதான், ஆயிலும் அங்க சரியா ஏறாது, அதனால தேய்மானமும் அங்கதான் அதிகம். போர் டயலை உள்ளே விட்டுத் திருப்பினா முள் ஆடுது. வட்டமா இருந்தது ஓவலாயிடுச்சு. “ஏற்கெனவே யாரோ இருபது தௌ போட்டிருக்காங்க. இனி நாப்பதுதான். முதல்ல பிஸ்டனை வாங்கிட்டு வாங்க, அதை அளக்காம டூலை இறக்க மாட்டேன்.”

கம்பெனியில இருந்து வந்தப்ப 70 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. நாப்பது தௌ போட்டா விட்டம் 71ஐத் தாண்டி, கணக்கு 356 சிசியைத் தொடுது. பத்து சிசி! ஓசியில பத்து சிசி! அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் காட்டினேன்னா பார்த்துக்கங்க.

இப்ப நீங்க என் பக்கத்துல நிக்கிறதா நினைச்சுக்கங்க. சிலிண்டரை மேடையில இறுக்கி, மையம் பார்த்து, மறுபடி மையம் பார்த்து, மேஸ்திரி சுவிட்சைப் போடுறார். நுனியில ஒரே ஒரு பல்லு வச்ச இரும்புத் தண்டு சுத்திக்கிட்டே மெதுவா உள்ளே இறங்குது, ‘ஸ்ஸ்ர்ர்ர்’னு ஒரே சீரா ஒரு சத்தம், கொஞ்சம்கூட ஏறாம இறங்காம. வார்ப்பிரும்பு சுருள் விடாது, தூளாத்தான் உதிரும், கறுப்பா, மூக்குப்பொடி மாதிரி, அதோட சூட்டு வாசனை தொண்டை வரைக்கும் இறங்குது. அப்புறம் ஹோனிங். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட கல்லு மேலயும் கீழயும் சுத்திச் சுத்திப் போய் வருது. துடைச்சுட்டு வெளிச்சத்துல காட்டினார் பாருங்க, உள்சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமா மயிரிழைக் கோடுங்க, ஆயிலைப் பிடிச்சு வச்சுக்கிறதுக்குன்னே போட்டது, டாலடிக்குது! அப்பத்தான் அந்த விசில்.

இன்னொரு கிறுக்கையும் சொல்லிடறேன். இந்த வித்தையே துப்பாக்கிக்காரங்க வித்தைங்க! 1774ல இங்கிலாந்துல ஜான் வில்கின்சன் பீரங்கி குடையுற முறைக்குக் காப்புரிமை வாங்கினார்; அடுத்த ரெண்டொரு வருஷத்துல அந்தக் கைப்பழக்கத்தோடதான் ஜேம்ஸ் வாட்டோட நீராவி இன்ஜினுக்குச் சிலிண்டர் குடைஞ்சு கொடுத்தார். அதை விடுங்க, என்ஃபீல்டுங்கிற பேரைப் பிடிங்க. 1857ல சிப்பாய்ங்க தோட்டாவைக் கடிக்க மாட்டோம்னு கிளம்பினாங்களே, அந்தத் துப்பாக்கி என்ஃபீல்டு, குழல் வாயில மருந்து கெட்டிக்கிறது, துளை .577 அங்குலம். கலகம் அடங்கினதும் வெள்ளைக்காரன் என்ன பண்ணான் தெரியுமா? இந்தியச் சிப்பாய்க்குக் குறி தப்பாத துப்பாக்கி எதுக்குன்னு, உள்ளே இருந்த சுழல் வரியையெல்லாம் வழிச்செடுத்து, குழலை .656க்குக் குடைஞ்சு கையில கொடுத்தான், 1858 மாடல்னு பேரு வச்சு! குழல் சுவரு மெலிஞ்சு போய், அப்புறம் தடிச்ச குழலோட வேற மாடல் கொண்டாந்தான். அந்தத் துப்பாக்கியைச் செஞ்ச என்ஃபீல்டு ஆயுதச் சாலைக்கு உதிரிபாகம் செஞ்சு கொடுத்த ரெடிச் ஊர்க் கம்பெனிதான் நம்ம ராயல் என்ஃபீல்டு. முத்திரையிலயே பீரங்கி இருக்கும். 1955ல மெட்ராஸுக்கு வந்து சேர்ந்துச்சு. வெள்ளைக்காரன் நம்மாளு கை ஓங்கக் கூடாதுன்னு குடைஞ்சான், எங்க மேஸ்திரி செத்த இரும்புக்கு உயிர் வரணும்னு குடையறார். நினைச்சா எனக்குப் புல்லரிக்குது!

பூட்டி முடிச்சு, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டாந்து, டிகம்ப்ரஸரைப் பிடிச்சு விட்டு ஒரு மிதி. எதிர்த்து நின்னுச்சு பாருங்க கிக்கர், அடடா! அடுத்த மிதியில ‘டும்... டும்... டும்...’ நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடிக்குது. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் முறுக்கக் கூடாதுன்னு உத்தரவு. நாப்பதைத் தாண்டாம வில்லியனூர்ல இருந்து கரிக்கலாம்பாக்கம் வழியா பாகூருக்கு விட்டேன், ரெண்டு பக்கமும் நெல்லு, தமிழ்நாடு வருது, போகுது, மறுபடி புதுச்சேரி, மாடு மேய்க்கிற பெரியவர்ல இருந்து பள்ளிக்கூடப் பசங்க வரைக்கும் எல்லார்கிட்டயும் வண்டியை நிறுத்தி “போர் போட்டிருக்கேன்”னு சொல்லணும்போல இருக்குது, ரெண்டு பேர்கிட்ட சொல்லியும் தொலைச்சேன், ஏரிக்கரை ஏறினதும் காத்து முகத்துல அடிக்க, 1752ல இதே பாகூர்ல ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸோட படையும் பிரெஞ்சுப் படையும் மருந்து கெட்டிச்ச துப்பாக்கியோட மோதின ஞாபகம் வந்து, அந்தக் குழலுங்களுக்கெல்லாம் வாரிசு என் தொடைக்கு நடுவுல துடிக்குதுடான்னு நான் ஹெல்மெட்டுக்குள்ள கத்தினதை ஊர் கேக்கல, நல்லவேளை!

புகை நின்னுடுச்சு. ஆயில் மட்டும் அங்கங்க சொட்டும்; அது புல்லட்டோட பிறவிக் குணம், விடுங்க.

உங்க கொட்டகையில அப்பா காலத்து புல்லட் சாக்கு மூடிக் கிடந்தா காயலான் கடைக்காரனைக் கூப்பிடாதீங்க. நேரா லேத்துக்குத் தள்ளுங்க. போர் போடுற அன்னைக்கு எனக்கும் ஒரு போன் போடுங்க. லீவு போட்டுட்டு வந்து நிக்கிறேன், டீச் செலவு என்னோடது!