அடுப்பும் பந்தியும்: பெருந்தொற்றுக் கால உணவு எழுத்து பற்றி ஒரு மதிப்பீடு

அண்மையில் வீட்டு அலமாரியை ஒதுக்கி வைக்கையில், பழைய அட்டைக் கோப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் நாளிதழ்களிலிருந்தும் வார இதழ்களிலிருந்தும் நாம் கத்தரித்துச் சேர்த்த உணவுச் செய்திகளும் சமையற் குறிப்புகளும் அதில் இருந்தன. இராசபாளையத்திற்கும் தென்காசிக்கும் ஓயாது ஓடும் பேருந்துகளின் ஓசை சிவகிரியின் நெடுஞ்சாலையில் அடங்கிப்போயிருந்த நாட்கள் அவை. வாசிப்பது, சமைப்பது, உண்பது, செபிப்பது என்ற நான்கே அலுவல்கள் நமக்கு எஞ்சியிருந்தன. அன்று ஆவலோடு வெட்டி வைத்த தாள்களை இன்று நிதானமாக மீண்டும் வாசித்தோம். அவ்வாசிப்பில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

சமையற் குறிப்புக்கும் திறனாய்வா என்று வாசகர் சிலர் புன்னகைக்கலாம். கவிதைக்கும் புதினத்திற்கும் அளவுகோல் வைத்திருக்கிறோம். கோடிக்கணக்கானோர் அன்றாடம் வாசித்த உணவு எழுத்துக்கு ஏனோ வைப்பதில்லை. ஒரு காலத்தின் மனச்சான்றை அறிய விரும்புவோர், அக்கால மக்கள் எதை மிகுதியாக வாசித்தார்கள் என்பதையும் நோக்கத்தான் வேண்டும்.

மருந்தாகிய உணவு

கோப்பின் முற்பகுதியில் நிறைந்திருப்பவை, நோய் அண்டாமல் காக்கும் உணவுகள் பற்றிய செய்திகள். இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு என்று அஞ்சறைப் பெட்டியே மருந்தகமாக மாறியிருந்தது. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடிக்கு அருகே வாழும் நமக்கு, எலுமிச்சைச் சாறு கிருமியை விரட்டும் என்ற செய்தி தனி மகிழ்ச்சியையே தந்தது. சித்த மருத்துவ முறைப்படி 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் வீதிதோறும் வழங்கப்பட்டது. பூண்டு உடலுக்கு நல்லதே. ஆயினும் அது இந்தத் தொற்றிலிருந்து காக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்நாட்களிலேயே அறிவித்திருந்தது. நாம் அந்த அறிவிப்பைக் கத்தரித்து வைக்கவில்லை. கோழி இறைச்சியால் நோய் பரவும் என்ற வதந்தி மார்ச் 2020இல் நாமக்கல் பண்ணையாளர்களைப் பெரும் இழப்பில் தள்ளியபோதும், வதந்தியை நம்பி இறைச்சியைத் தவிர்த்தோமேயன்றி அவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வெழுத்துக்களின் குறை, அறிவியற் பிழை மட்டுமன்று. அவற்றின் நடையைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லாமே ‘உங்கள் குடும்பத்தைக் காக்க’ என்று தொடங்குகின்றன. ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சோடு கட்டுண்டது என்பதை உலகுக்கே உணர்த்திய நோய் அது. அதைப் பற்றிய உணவுச் செய்தியோ வீட்டு வாசற்படியைத் தாண்டவே இல்லை. நாளொன்றுக்கு ஒரு முட்டை, இரண்டு பழம் என்று எழுதியவர், கூலியற்றுப்போன வீட்டில் அவற்றை யார் வாங்குவார் என்ற கேள்வியைத் தமக்குள் எழுப்பியதாகத் தெரியவில்லை.

காட்சியாகிய உணவு

அடுத்து வருவது பொழுதுபோக்குச் சமையல். இதன் அடையாளமாக ‘டல்கோனா’ காப்பியைச் சொல்லலாம். உடனடிக் காப்பித் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றையும் சம அளவில் சேர்த்து நுரைபொங்க அடித்து, குளிர்ந்த பாலின்மேல் மிதக்கவிடுவது. 2020 சனவரியில் தென்கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இடம்பெற்று, சில வாரங்களில் உலகைச் சுற்றி வந்தது. நம் வீட்டிலும் கை ஓயும்வரை அடித்தோம், படமும் எடுத்தோம். மேலைநாடுகளில் வீட்டிலேயே ரொட்டி சுடுவது இதேபோலப் பரவி, கடைகளில் ஈஸ்ட்டுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது.

அஞ்சி ஒடுங்கிய மனம் ஒரு சிறு கைவேலையில் ஆறுதல் தேடியதைக் குற்றம் சொல்ல மாட்டோம். மாவு பொங்குவதைப் பார்த்திருப்பது, நாளை என்றொரு நாள் உண்டு என்று நம்புவதற்கு ஒப்பாகும். ஆனால் இக்குறிப்புகளை எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1951இல் வெளிவந்த அந்நூல், அருகிருந்து கற்றுத்தர மூத்தவர் இல்லாத இளம்பெண்ணுக்குத் துணையாகி, தலைமுறைகள் கடந்தும் வீடுகளில் புழங்கியது. அதன் ஒவ்வோர் அளவுக்குப் பின்னும் உண்ணப்போகும் குடும்பம் ஒன்று இருக்கிறது. ஊரடங்குக் குறிப்புகள் பலவற்றில் உண்பவரே இல்லை, பார்ப்பவரே உண்டு. உணவு தட்டிற்கு வந்ததும் படம் எடுக்கப்படுகிறது. அத்தோடு கதை முடிகிறது.

இவ்வகையில் விதிவிலக்கும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் முதியவர் ஒருவரும் அவர்தம் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2018இல் தொடங்கியது. ஊரடங்குக் காலத்தில் பெரும்புகழ் பெற்று, 2021இல் 1 கோடி பின்தொடர்வோரை எட்டியது. அவ்வாண்டு முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அவர்கள் 10 இலட்சம் ரூபாய் வழங்கியதைப் பலரும் பாராட்டினர். நாம் பாராட்ட விரும்புவது வேறொன்றை. அவர்களின் காட்சிகள் அண்டாவை இறக்குவதோடு நிற்பதில்லை. வாழையிலை விரிகிறது, முதியோர் வரிசையாக அமர்கின்றனர், பரிமாறும் கை தெரிகிறது. அளவு மிகுதியும் கூச்சலும் நம் சுவைக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆயினும் சமையலின் முடிவு எது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கொடையாகிய உணவு

மூன்றாவது வகை, அன்னதானச் செய்திகள். கோவை வடிவேலம்பாளையத்தில் 1 ரூபாய்க்கு இட்லி விற்ற மூதாட்டி கமலாத்தாள், ஊரடங்கிலும் விலையை உயர்த்தவில்லை. மதுரையில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர், மகளின் படிப்புக்கென்று சேமித்த 5 இலட்சம் ரூபாயை ஏழைகளுக்கு உணவளிக்கச் செலவிட்டார். 2020 மே 31 அன்று பிரதமரின் வானொலி உரையில் அது பேசப்பட்டது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் சென்னையில் சூன் 2020இன் முழு ஊரடங்கில் விலையின்றியே உணவளித்தன. இவை மனத்தை நெகிழச் செய்பவை, நன்றியோடு நினைக்கத்தக்கவை.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இச்செய்திகளில் கொடுப்பவருக்குப் பெயர், ஊர், வயது, வரலாறு எல்லாம் உண்டு. பெறுபவருக்கோ நீட்டிய கை மட்டுமே. அவருக்கு என்ன பிடிக்கும், நேற்றுவரை தம் வீட்டில் என்ன சமைத்தார், கைநீட்டும் நிலைக்கு எப்படி வந்தார் என்று எழுதியவர் மிகச் சிலரே. பசித்தவரும் சுவையறிந்தவர் என்பதை நம் எழுத்து மறந்துவிட்டது.

கோப்பில் இல்லாதவை

திறனாய்வாளர் எழுதப்பட்டதை மட்டுமல்ல, விடுபட்டதையும் நோக்க வேண்டும் என்பர். 2020 மே 8ஆம் நாள் விடியற்காலையில் மராட்டியத்தின் ஔரங்காபாத் அருகே, ஊர் திரும்ப இருப்புப் பாதைவழியே நடந்து களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிவிட்ட தொழிலாளர் 16 பேர் சரக்கு வண்டி ஏறி மாண்டனர். மறுநாள் நாளிதழ்களில் வந்த படத்தில், தண்டவாளக் கற்களின்மேல் அவர்கள் வழிக்கென்று கொண்டுவந்த ரொட்டிகள் சிதறிக் கிடந்தன. அவ்வாண்டின் மிகப்பெரிய உணவுச் செய்தி அதுவே என்று இன்று தோன்றுகிறது. அந்தப் படம் நம் கோப்பில் இல்லை. அதே வாரத்தில் வந்த கேக் செய்முறை இருக்கிறது. ரொட்டிகள் சிதறிய செய்தியை உணவுச் செய்தி என்று நாம் கருதவே இல்லை.

வீட்டுச் சமையலைப் போற்றிய எழுத்துக்களில் விடுபட்டோர் இன்னொருவர்: அடுப்படியில் நின்றவர். எல்லாரும் வீட்டிலிருக்க, மூன்று வேளையும் ஓயாமல் சமைத்து, பாத்திரம் துலக்கிய பெண்களின் முதுகுவலி பற்றி ஒரு வரிகூட நம் கோப்பில் இல்லை. ‘வீட்டுச் சாப்பாட்டின் மகிமை’ என்ற தலைப்பில் மூன்று கட்டுரைகள் இருக்கின்றன; மூன்றையும் எழுதியவர்கள் ஆண்கள்.

நமது தெருமுனையில் நாள்தோறும் காலையில் இட்லி அவித்து விற்ற அக்கா ஒருவர் உண்டு. ஊரடங்கில் அவர் கடை நின்றது. நாமோ மாவின் பக்குவம் பற்றிய குறிப்புகளை வாசித்து, பூப்போன்ற இட்லி அவிக்கப் பழகிக்கொண்டோம். தளர்வுக்குப் பின் அவர் மீண்டும் அடுப்பு மூட்டிய நாளில், “இப்ப வீட்டிலேயே நல்லா அவிக்கப் பழகிட்டோம் அக்கா” என்று பெருமையாகச் சொன்னோம்.

“நல்லதுதான் ஐயா. இங்க ரேசன் அரிசிக் கஞ்சிதான். நீங்க என்ன சாப்பிடுதியன்னு ஒருத்தரும் ஒரு நாளும் கேக்கல” என்றார். குரலில் கோபம் இல்லை. பாத்திரத்தில் இரண்டு இட்லியை வைத்துச் சட்னியும் ஊற்றித் தந்தார். காசு வாங்க மறுத்தார். அந்த இட்லியின் சுவையை விவரிக்கும் துணிவு நமக்கில்லை.

அளவுகோல் எது?

நல்ல உணவு எழுத்து எப்படி இருக்க வேண்டும்? இரண்டு முன்மாதிரிகளைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1942இல், அமெரிக்க எழுத்தாளர் எம்.எஃப்.கே. ஃபிஷர் ‘ஓநாயைச் சமைப்பது எப்படி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சமையல் நூல் எழுதினார். வாசலில் நிற்கும் ஓநாய் என்பது வறுமை. சுவையை நேசித்த அவரே, கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாதவர் உயிர் தரிக்கத் தானியமும் காய்கறியும் கொஞ்சம் இறைச்சியும் சேர்த்து வேகவைக்கும் கூழுக்கும் அந்நூலில் ஓர் இடம் தந்தார். நம் தமிழில் நாஞ்சில்நாடனின் ‘யாம் உண்பேம்’ சிறுகதையைக் காட்டலாம். விதர்ப்ப மண்ணின் பசித்த முதிய உழவர் ஒருவர், பயணத்தில் உண்டுகொண்டிருக்கும் மனிதரின் கையைப் பற்றிக்கொள்கிறார். தலைப்பிலேயே ‘யான்’ இல்லை, ‘யாம்’ இருக்கிறது. உண்ணுதல் என்ற வினைக்கு உரிய எழுவாய் அதுவே என்று அக்கதை நமக்குச் சொல்கிறது.

நெல்லைச் சீமையின் இறைமக்களாகிய நமக்கு இந்த அளவுகோல் புதிதன்று. அதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் ‘அசனம்’. புனித அந்தோணியார் கோவில்களிலும் பங்குத் திருவிழாக்களிலும், அரிசி தந்தவர், ஆடு தந்தவர், விறகு சுமந்தவர், வழியே போனவர் அனைவரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். யாருடைய அரிசி யாருடைய இலையில் விழுந்தது என்று எவரும் கேட்பதில்லை. 2020இல் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள், தவக்காலத்தின் நடுப்பகுதி. அவ்வாண்டு பெரிய வெள்ளிக் கஞ்சி இல்லை; உயிர்ப்பு விழாத் திருப்பலியும் இல்லத்துத் திரையிலேயே. செப்டம்பர் மாதம் ஆலயங்கள் முழுமையாகத் திறக்கும்வரை நற்கருணையை ஏக்கத்தோடு கண்ணால் மட்டும் கண்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவின் அரிசியும் பருப்பும் வீட்டிற்கு வந்தன. ஆனால் வேறுபாடு மறந்து அருகருகே உட்காரும் வரிசை வரவில்லை. நாம் அனைவரும் இழந்தது பந்தியை. அந்த இழப்பைப் பாடவேண்டிய உணவு எழுத்து, தட்டின் அழகைப் பாடிக்கொண்டிருந்தது.

கொரிந்து நகரத் திருச்சபையைப் புனித பவுல் கடிந்துகொண்டதும் இதற்காகவே. ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்களுள் சிலர் தம் உணவை முந்தி உண்டு நிறைவுற, வேறு சிலர் பசித்திருந்தனர். அங்கே உணவில் குறையில்லை, காத்திருத்தலில்தான் குறை. யோவான் நற்செய்தியின் இறுதிப் பகுதியில் உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். அப்பமும் மீனும் அங்கே தயாராகவே இருந்தும், சீடர் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு அந்தக் கரையில் கரைந்துபோகிறது.

பெருந்தொற்றின் நெருக்கடி நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவித்தது. அசனங்கள் மீண்டும் நடக்கின்றன. நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஓடுகின்றன. தெருமுனையில் அக்காவின் அடுப்பு எரிகிறது. நம் கோப்பை எறிந்துவிடவில்லை. அது நம் மனச்சான்றின் கணக்கேடு. அதில் வெற்றுத்தாள் ஒன்றைச் சேர்த்து, தண்டவாளத்து ரொட்டிகளுக்கென்று தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். இனிச் சமையற் குறிப்பு எதை வாசித்தாலும் ஒரு கேள்வியோடு வாசிக்க எண்ணுகிறோம்: இந்த உணவை உண்ணப் பக்கத்து இலையில் அமர்ந்திருப்பவர் யார்? வாசகரும் தம் கோப்புகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.