கரண்ட் போனால் கதவு யார் பக்கம்?

1

கதவுக்கெல்லாம் ஒரு கோட்பாடா என்று கேட்கத் தோன்றும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் புருனோ லத்தூர் 1988இல் ஜிம் ஜான்சன் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு கட்டுரை முழுக்க, கதவைத் தானாகச் சாத்தும் சின்னக் கருவி ஒன்றைப் பற்றியதுதான். மனிதர்கள் செய்துவந்த வேலையை ஒரு பொருளிடம் ஒப்படைக்கிறோம். அந்தப் பொருள் திரும்பி நம் உடல்கள் மீது ஒழுங்கைத் திணிக்கிறது என்பது அவர் வாதம். கருவியின் இழுவை பலமாக இருந்தால் குழந்தையாலும் கிழவியாலும் கதவைத் தள்ள முடியாது. இவர்களை உள்ளே விடாதே என்று யாரும் பலகை மாட்டவில்லை. ஆனாலும் பாரபட்சம் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தப் பார்வையோடு, கை படாமல் தானே திறக்கும் வீட்டுக் கதவை வாசித்துப் பார்க்கலாம்.

2

1954இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஹார்ட்டன், ஹியூவிட் என்ற இருவர் உருவாக்கிய தானியங்கிச் சறுக்குக் கதவு பொது இடங்களுக்கானது. அதற்கு ஓர் உடல் எதிரே வந்தால் போதும். யார் வந்தாலும் திறக்கும். வீட்டுக் கதவில் மோட்டாரோடு பூட்டும் சேர்ந்திருக்கிறது. சட்டைப்பையிலுள்ள போனையோ, சக்கர நாற்காலியில் மாட்டிய சின்ன வில்லையையோ அடையாளம் கண்ட பிறகே பூட்டு விடும், மோட்டார் கதவைத் தள்ளும். கைக்கு வேலையில்லாமல் போனது, அடையாளத்துக்கு வேலை கூடிவிட்டது. வீட்டுக்காரருக்கு எந்நேரமும் திறக்கும் இந்த வகைப் பூட்டில், வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காலை 7 மணியிலிருந்து 9 மணிவரை மட்டும் என்று குறித்துவைக்கவும் வழியிருக்கிறது. முன்பு தெருவோடு, திண்ணையோடு என்று இடத்தால் போட்ட கோட்டை இப்போது நேரத்தால் போட்டுக்கொள்ளலாம். 2020இல் வந்த கொரோனாவுக்குப் பிறகு 'தொடாமல்' என்பது சுகாதாரத்தின் பெயரால் சரக்கு விற்கும் சொல்லாகிவிட்டது. இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன வரலாறு என்று விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

அப்படின்னா இந்தக் கதவே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம்.

3

விளம்பரத்தில் வரும் உடலுக்கு இரண்டு கையும் இருக்கும். இரண்டிலும் கடைப்பை இருக்கும். அந்த உடலுக்கு இது சொகுசு. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவருக்கோ, யாரையும் கூப்பிடாமல் தன் வீட்டைவிட்டு வெளியே போவதற்கான வழி. 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே தொடங்கிய சுயேச்சை வாழ்வு மையம் 'சுயேச்சை' என்ற சொல்லின் அர்த்தத்தையே மாற்றியது. எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்யவேண்டும் என்ற கட்டாயத்தை அது உதறியது. எப்போது எழுவது, எங்கே போவது என்பதைத் தானே முடிவு செய்வதுதான் சுயேச்சை என்றது.

நம் வீடுகளில் அந்தக் கதவைத் திறந்துவிடும் கை பெரும்பாலும் அம்மாவுடையது, மனைவியுடையது, மருமகளுடையது. காத்திருப்பவருக்கும் விடுதலை இல்லை, திறந்துவிடுகிறவருக்கும் இல்லை.

4

ஆனால் இந்தக் கதவு யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதை அறிய, கரண்ட் போகும்வரை பொறுக்கவேண்டும்.

மின்பூட்டுகளில் இரண்டு வகை. காந்தப் பூட்டு மின்சாரத்தால்தான் கதவைப் பிடித்திருக்கிறது. மின்சாரம் நின்றால் விட்டுவிடும். இன்னொரு வகை, மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து திறக்க முடியாதபடி பூட்டியே கிடக்கும். சொத்துக்குப் பாதுகாப்பு. உள்ளே இருப்பவர்? கைப்பிடியைத் திருப்பி வெளியேறிக்கொள்ளலாம், ஆபத்தில்லை என்கிறார்கள். கைப்பிடியைத் திருப்பி! கையே வேண்டாம் என்று சொல்லி விற்ற கதவு, வீடு தீப்பிடித்து மின்சாரம் அறுந்த நேரத்தில் கையைக் கேட்கிறது. காந்தப் பூட்டு மட்டும் என்ன? பூட்டு விட்டுவிடும், மோட்டார் ஓடாது. உள்பக்கமாகத் திறக்கும் கதவை யார் இழுப்பது? பேட்டரி வைத்தால் தீர்ந்தது என்பார்கள். பேட்டரியும் தீரும்.

திருட்டுப் பயமா, உள்ளே மாட்டிக்கொள்ளும் பயமா, எதற்கு முதலிடம் என்ற கேள்விக்குப் பூட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பதில் சொல்லப்பட்டுவிடுகிறது. சொன்னவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரா என்பதுதான் நாம் கேட்கவேண்டியது.

5

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் தடையற்ற அணுகலைக் கட்டாயமாக்குகிறது. மக்கள் புழங்கும் தனியார் கட்டடங்களும் அதில் அடக்கம். சொந்த வீட்டு வாசல்படியில் அந்தக் கட்டாயம் நின்றுவிடுகிறது. வெளியே உரிமையாக இருப்பது வீட்டுக்குள் வந்ததும் காசுள்ளவர் வாங்கும் பொருளாகிறது. வீடு தனிப்பட்ட விஷயம், அரசியல் அங்கே நுழையக்கூடாது என்ற கதையைப் பெண்ணியம் எப்போதோ உடைத்தாயிற்று. நாம் இன்னும் அதைக் கதவுவரை கொண்டுவரவில்லை.

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியைத் தமிழக அரசு கொடுக்கிறது. போராடிப் பெற்றது, நல்லது. அந்த நாற்காலி வீட்டைவிட்டு வெளியே வர ஒரு கதவையும் கேட்போம். கரண்ட் இல்லாதபோதும், கை இல்லாமலே உள்ளிருந்து திறக்கும் கதவாக அது இருக்கவேண்டும். அதன் பூட்டு எந்த வகை என்பதை அதன் வழியாகப் போய்வருகிறவர் முடிவு செய்யட்டும்.