புத்தகக் கடையில் புதிய எழுத்தாளருக்கு இடம் எங்கே?

ஃபேண்டஸி எனப்படும் மிகுபுனைவுக் கதைகளைப் புதிதாக எழுதுவோர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: கடைகள் பெயர் பெற்றவர்களின் நூல்களையே முன்வரிசையில் அடுக்குகின்றன. குறை உண்மைதான். ஆனால் கடைக்காரரின் ரசனையை மட்டும் பழித்தால் காரணம் விளங்காது.

கடைக்காரரின் கணக்கு

கடையில் ஒவ்வோர் அலமாரிக்கும் வாடகை இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் சூழ்ந்த நாவலூர் போன்ற ஊரில் கடை வைத்திருப்பவர் சீக்கிரம் விற்பதைத்தான் கண்ணெதிரே வைப்பார். விற்ற பிறகு பணம் தந்தால் போதும் என்று புதியவர் நூலைக் கொடுத்தாலும், அது அடைக்கும் இடம் இலவசமில்லை. மிகுபுனைவு பெரும்பாலும் பல பாகங்களாக வருவது இன்னொரு சிக்கல். அடுத்த பாகம் வருமா என்று தெரியாமல் முதல் பாகத்தை வாங்க வாசகர் தயங்குகிறார்.

பொன்னியின் செல்வன் காட்டும் பாடம்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்றுப் புதினமே. ஆயினும் பழைய அரசு, சதி, ஒற்றர், மாறுவேடம் என மிகுபுனைவு வாசகர் தேடும் பலவும் அதில் இருப்பதால், தமிழ்க் கடைகளில் அந்த இடத்தையும் அதுவே நிரப்புகிறது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த இந்நூல், கல்கியின் பிற படைப்புகளோடு 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டது. அதன்பின் எவரும் உரிமத்தொகை தராமல் அச்சிடலாம் என்றானது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த மணிரத்னத்தின் படங்கள் தேவையை மேலும் பெருக்கின.

நூல் மலிவாகக் கிடைப்பது வாசகருக்கு நன்மை. ஆனால் ஒரே கதை பல பதிப்பகங்களின் பெயரில் பல இடங்களைப் பிடிக்கிறது. உரிமத்தொகை பெற வேண்டிய, உயிரோடிருக்கும் எழுத்தாளர் அதோடு விலையிலும் போட்டியிட வேண்டியிருக்கிறது. நாட்டுடைமையின் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

புதியவர் நுழைந்த வழிகள்

அமிஷ் திரிபாதி 2010இல் தம் முதல் நாவலை வெளியிட்டபோது, முதல் அத்தியாயத்தைத் தனியே அச்சிட்டுக் கடைகள் வழியே இலவசமாகக் கொடுத்தார். வாசகரின் தயக்கத்தைக் குறைத்த வழி அது. எனினும் ஆங்கிலத்தில் வென்ற பிறகே அந்நூல் தமிழுக்கு வந்தது. தமிழ் அலமாரியில் நுழையும்போதே அவர் பிரபலமாகிவிட்டிருந்தார்.

ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நூல் 1997இல் கெட்டி அட்டையில் 500 படிகளே அச்சானது. அவற்றில் சுமார் 300 நூலகங்களுக்குப் போயின. கடைகளில் பெயர் பரவுமுன் அந்நூலைத் தாங்கியவை நூலகங்களே.

செய்யத்தக்கது

தமிழகத்தில் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியையும் மக்கள் செலுத்துகிறார்கள். கடைக்காரரால் ஏற்க முடியாத நட்டத்தைப் பொதுப்பணத்தால் இயங்கும் நூலகம் ஏற்கலாம். முதல் நாவல்களுக்கென ஒரு பங்கை அது ஒதுக்க வேண்டும் என்று கேட்க வரி கட்டுவோருக்கு உரிமை உண்டு.

வாசகரும் ஒன்று செய்யலாம். கடைக்காரர் கேட்கப்படும் பெயரையே வரவழைக்கிறார். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு புதிய பெயரையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.