மறையூருக்கு எத்தனை தசமம்?

மூணாறில் குடையோடு பஸ் ஏறி, மறையூரில் வெயிலில் இறங்கியவர்களுக்கு ரூபி நிரல்மொழியில் எழுதிப் பழக ஒரு கணக்கு தயாராக இருக்கிறது: ஊர்ப் பெயரைத் தட்டினால் அங்கே இப்போது மழையா என்று சொல்லும் கமாண்ட் லைன் நிரல்.

ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நிரலில் எழுதிவைத்தால், வானிலை தரும் ஓப்பன்-மீட்டியோ ஏபிஐ-க்கு இடம் சொல்ல அது போதும். வணிகமல்லாத பயன்பாட்டுக்குப் பதிவு, கீ எதுவும் வேண்டாம். பதிலை வாங்கிவர நெட் எச்டிடிபி, பிரித்துத் தர ஜேசான். இரண்டும் ரூபியோடேயே வருபவை.

பதில் பெட்டிக்குள் பெட்டியாக வருகிறது. 2.3 பதிப்பில் சேர்ந்த ‘டிக்’ மேல் எனக்குத் தனிப் பிரியம். அடுக்கடுக்காகப் பெயர் சொன்னால் நேரே அடிவரை போய் மழை அளவை எடுத்துவரும். நடுவில் ஒரு பெட்டி இல்லையென்றாலும் நிரல் விழாது. ‘நில்’ என்று வெறுங்கையோடு திரும்பும். முதல் நிரல் எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை!

2.0 முதல் ரூபி யுடிஎஃப்-8ஐ இயல்பாகவே ஏற்கிறது. மாறிக்கு ‘மழை’ என்றே பெயர் வைக்கலாம். நிபந்தனையை வரியின் கடைசியிலும் வைக்கலாம்: “குடையை எடுத்துக்கோ, மழை பெஞ்சா” என்று வீட்டில் சொல்கிற அதே வரிசை. 1995-இல் ரூபியை வெளியிட்ட யுகிஹிரோ மட்சுமோட்டோ எழுதுகிறவரின் சந்தோஷத்தைப் பெரிதாக நினைத்தவர். இந்த ஒரு வசதியிலேயே அது தெரிகிறது.

ஆனால் முழு ருசியும் தசமப் புள்ளிக்குப் பின்னால்தான். 0.1 டிகிரி அட்சரேகை என்பது சுமார் 11 கிலோமீட்டர். பாலக்காட்டுச் சமவெளியில், கொழிஞ்சாம்பாறைக்கு ஒரே தசம இலக்கமாக முழுதாக்கினாலும் பெரிய மோசமில்லை; பக்கத்துத் தென்னந்தோப்பின் வானிலை வரும், அவ்வளவுதான். மூணாறும் மறையூரும் இருக்கும் இடுக்கியில் அப்படிச் செய்தால் மலையே குறுக்கே வந்துவிடும். மூணாறுக்கும் மழைமறைவில் இருக்கும் மறையூருக்கும் அட்சரேகையில் 0.2 டிகிரிகூட வித்தியாசமில்லை. இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட மலைத்தொடரில்தான் 2,695 மீட்டர் ஆனைமுடி நிற்கிறது.

இந்தத் தவறைப் பிடிக்கவும் ஏபிஐ-யின் பதிலுக்குள்ளேயே ஒரு துப்பு உண்டு. கேட்காமலே ‘எலிவேஷன்’ என்று அந்த இடத்தின் உயரத்தை மீட்டரில் அனுப்புகிறார்கள். வெப்பநிலையைத் திருத்துவதும் அதை வைத்துத்தான். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மழைக்குப் பக்கத்தில் அதையும் அச்சிட இன்னொரு ‘புட்ஸ்’ போதும். மறையூரைக் கேட்டு 2,000-க்கு மேல் எண் வந்தால், அங்குள்ள கரும்புக்காட்டை விட்டு மலையேறிவிட்டது நிரல். தசமத்தைச் சரிபார்க்க வேண்டியதுதான்.