போஸ்ட்கிரெஸ்: புது சர்வருக்கு எந்த வழி?

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டுகள்தான் பராமரிப்பு. 13ஆம் பதிப்புக்கு அது 2025 நவம்பரில் முடிந்தது. எனவே மாறியே ஆகவேண்டும். சர்வரும் சேர்ந்து மாறும்போது எந்த வழியில் மாறுவது என்பதுதான் கேள்வி.

பலரும் முதலில் கைவைப்பது பிஜி_அப்கிரேடு. லிங்க் முறையில் அது டேட்டா கோப்புகளை நகலெடுப்பதே இல்லை. பெரிய டேட்டாபேஸும் நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கோப்புகளை அப்படியே புது சர்வருக்குத் தூக்கிப்போனால் பழைய இண்டெக்ஸ்களும் கூடவே போகின்றன. ஆபத்து அங்கேதான்.

லினக்ஸில் எழுத்துகளின் அகரவரிசையை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையை மாற்றியது. அமெரிக்க ஆங்கில லோகேலில் அதுவரை '11' முன்னும் '1-1' பின்னும் வந்தன; பிறகு தலைகீழ். டெபியன் 9இலிருந்து 10க்குப் போனவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டினார்கள். இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். தேடலோ புது வரிசையில் நடக்கும். வரி டேபிளில் இருந்தும் 'இல்லை' என்று பதில் வரும். யுனீக் என்று கட்டுப்படுத்திய பத்தியில் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழையும். எந்த எர்ரரும் வராது என்பதுதான் கொடுமை.

பிஜி_டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்வது மெதுவான வழி, அப்ளிகேஷனையும் நிறுத்தவேண்டும். ஆனால் ஒவ்வொரு வரியும் படிக்கப்படுகிறது, ஒவ்வொரு இண்டெக்ஸும் புது மெஷினின் வரிசைப்படியே கட்டப்படுகிறது. முன்பே இரட்டை வரிகள் நுழைந்திருந்தால் யுனீக் இண்டெக்ஸ் கட்டும்போதே கத்திவிடும். அந்தக் கத்தலுக்காகவே இந்த வழியை மதிக்கிறேன்.

பல டெராபைட் வைத்துக்கொண்டு இரவு பகலாக ஓடும் மருத்துவமனைக்கு இது ஆகாது என்பது நியாயமான வாதம். அவர்களுக்கு 2017இல் 10ஆம் பதிப்போடு வந்த லாஜிக்கல் ரெப்ளிகேஷன் இருக்கிறது. அதிலும் இண்டெக்ஸ் புதிதாகவே உருவாகும். ஆனால் 18ஆம் பதிப்பு வரை சீக்வென்ஸின் மதிப்பு கூடவே வருவதில்லை. அதை உயர்த்தி வைக்காமல் மாறினால் முதல் இன்ஸர்ட்டே பிரைமரி கீயில் முட்டும். டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றங்களும் தானாகப் போய்ச் சேராது.

ஒரு இரவு நிறுத்த முடிந்தால் டம்ப். முடியாதென்றால், ஒத்திகை பார்த்த பிறகு, லாஜிக்கல் ரெப்ளிகேஷன். இரு சர்வரிலும் ஒரே ஜிலிப்சி என்று சோதித்தவர்களுக்கு மட்டுமே பிஜி_அப்கிரேடு. மற்றவர்கள் எழுத்துப் பத்தி இண்டெக்ஸ்கள் அத்தனையையும் ரீஇண்டெக்ஸ் செய்யும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.